அறுத்துக் காட்டு!

பூவனநாதன் யாரையும் லேசில் நம்பமாட்டார். புது வீட்டுக்குக் கதவு செய்ய வேண்டும். அறுவை மில்லில் மரத்தைக் கொடுத்தால் பலகையை அமுக்கிவிடுவார்கள் என்று பயம். அதனால் மரம் அறுக்கும் மிஷின் பார்க்க, லோடு ஆட்டோவில் வேப்பங்கட்டை ஒன்றையும் ஏற்றிக்கொண்டு கோவில்பட்டிக் கடைக்கு வந்தார்.

"கட்டை எதுக்கு அண்ணாச்சி?" என்றார் கடைக்காரர் சண்முகராஜ்.

"உன் கட்டைன்னா முன்னாடியே அறுத்து ஒட்டி வச்சிருப்ப. என் கட்டையில அறுத்துக் காட்டு."

மிஷினில் செயின் ஓடும் பதினெட்டு இஞ்ச் இரும்புப் பட்டையை மாட்டி, சண்முகராஜ் நீளவாக்கில் ஒரு பலகை அறுத்தார்.

"பட்டை குட்டையா இருக்குலே. கட்டையைத் திருப்பித் திருப்பில்லா அறுக்கே! பெரிசைப் போடு."

இருபத்திரண்டு இஞ்சில் இரண்டாவது பலகை வந்தது.

"அலை அலையா இருக்கு. செயினை மாத்து."

பலகைக்கென்றே உள்ள செயினில் மூன்றாவது, இழைத்ததுபோல் வந்தது.

"ஒரு தடவை நல்லா வந்தா நம்பிருவேனா? இன்னொண்ணு அறு."

நான்காவதும் அப்படியே வந்தது. கட்டை தீர்ந்தது.

"இதையே பில் போட்டிரவா அண்ணாச்சி?" சண்முகராஜ் வியர்வையைத் துடைத்தார்.

"அவசரப்படாத. வீட்டுல கலந்துக்கிட்டு வாரேன்."

பலகைகளை ஆட்டோவில் ஏற்றினார். மரத்தூளையும் சாக்கில் அள்ளிக்கொண்டார்.

வீட்டில் மனைவி வேலுத்தாய் பலகைகளை எண்ணிப் பார்த்தாள். "கதவுக்கு ஆச்சு. ஜன்னலுக்கு ஓட்டப்பிடாரம் கடையில அறுத்தது கிடக்கு. கட்டிலுக்கு என்ன செய்ய?"

"கயத்தாறுல புதுசா ஒருத்தன் மிஷின் கடை வச்சிருக்கானாம்ட்டி. நாளைக்கு அவனையும் கொஞ்சம் நம்பாம பார்த்துட்டு வாரேன்."