உறை பிரிக்காத உலகம்

ஆறாம் வகுப்பு பீரோவின் மேல்தட்டில் ஓர் உலக உருண்டை இருந்தது. வாங்கி நாலு வருஷமாகியும் அதன் பாலிதீன் உறையைப் பிரிக்கவில்லை. பிள்ளைகள் தொட்டால் வீணாகிவிடும் என்பது தலைமையாசிரியரின் உத்தரவு. தன் மேல் ஒரு கீறல்கூட இல்லை என்பதில் உருண்டைக்கு ஏகப்பட்ட பெருமை.

கீழ்த்தட்டில் ஒரு சட்டக்காந்தம் கிடந்தது. ஜெசிந்தா டீச்சர் வாராவாரம் அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடுவார். மைதானத்து மணலையெல்லாம் துழாவிவிட்டு, இரும்புத்தூள் மீசையோடு அது திரும்பி வரும். ஒருநாள் யாரோ கைதவறிப் போட்டதில் இரண்டு துண்டாக வந்து சேர்ந்தது.

"பிள்ளைங்க கையில போனா இப்படித்தான் ஆகும்னு நான்தான் அப்பவே சொன்னேனே!" என்றது உருண்டை.

"அட போங்கண்ணே! ரெண்டு துண்டும் தனித்தனியா ஊசியை இழுக்குதுன்னு பிள்ளைங்களே கண்டுபிடிச்சிட்டாங்க. ஒரே குதியாட்டம்!" என்றது காந்தம்.

மறுவாரம் பள்ளியைப் பார்வையிட அதிகாரி வந்தார். அன்றைக்குத்தான் உருண்டையின் உறையைப் பிரித்து மேஜைமேல் வைத்தார்கள்.

"இதைச் சுத்தி, நம்ம நாடு எங்க இருக்குன்னு காட்டும்மா," என்றார் அதிகாரி, முன்பெஞ்சுப் பெண்ணிடம்.

அவள் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். "அதைத் தொடக்கூடாது சார்."

அதிகாரியே சுற்றிப் பார்த்தார். அச்சு துருவேறிக் கிடந்தது, உருண்டை அசையவில்லை.

சாயங்காலம் மறுபடியும் உறை, மறுபடியும் மேல்தட்டு. பீரோவைப் பூட்டிய பிறகு உருண்டை கீழ்த்தட்டை எட்டிப் பார்த்தது. அப்புறம் மெதுவாகக் கேட்டது:

"தம்பி, கீழே விழுந்தா ரொம்ப வலிக்குமா?"