நாலாவது பிளக்

புகை நீலமாக வந்தது.

நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் இவ்வளவு வருமென்று எதிர்பார்க்கவில்லை. கொட்டில் நிழலில் படுத்திருந்த கழுதை எழும்பித் தோட்டவெளி றோட்டுப் பக்கம் நடையைக் கட்டியது.

"நீலப் புகையெண்டால் எஞ்சினுக்குள்ள ஒயில் எரியுது, அண்ணை" என்றார் ஹுசைன்.

மன்னார் ரவுணில் கராஜ் வைத்திருப்பவர். பழைய கார்களை வாங்கிக் கலியாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிறார். என் பழைய ஏ போட்டி (A40) காரைப் பார்க்க வந்திருந்தார். எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம், சூடான எஞ்சின் தன் வருத்தத்தை, பழுதை, மறைக்கும் என்று முதல் நாளே போனில் சொல்லியிருந்தார். எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

எரியாமல் என்ன செய்யும்? காலையில் என் மனைவி பெற்றிசியா கிணற்றடிக்குப் போன நேரம் பார்த்து எஞ்சினின் நாலு பிளக்கில் முதலாவதைக் கழற்றி, அந்த ஓட்டைக்குள் இரண்டு கரண்டி எண்ணெய் விட்டவனே நான்தான். நல்லெண்ணெயைத் தேடினேன். போத்தலைக் காணவில்லை. அகப்பட்ட தேங்காயெண்ணெயை விட்டு, பிளக்கைத் திரும்பப் பூட்டிவிட்டேன்.

எஞ்சின் தேய்ந்த காரை எவன் வாங்குவான்?

என் கண் மங்கிய பிறகு கார் கொட்டிலை விட்டு வெளிக்கிடவில்லை. சும்மா நிற்கிறதை வித்துப்போடுங்கோ என்று மகள் ஜெனுஷா வவுனியாவிலிருந்து ஒரே நச்சரிப்பு. பெற்றிசியாவைக் கேட்டேன். "உங்கட விருப்பம்" என்றாள். அவள் குரலைக் கேட்டால் விற்கத்தான் விரும்புகிறாள் என்று பட்டது. கொட்டிலில் விறகு அடுக்க இடம் பார்க்கிறாள் போலும். எனக்குப் பொல்லாத கோபம். அவளோடு கோபிக்கிற துணிவு இந்த வயதிலும் எனக்கு வரவில்லை. அதனால்தான் கரண்டியை எடுத்தேன்.

ஹுசைன் எஞ்சினை நிற்பாட்டினார். காரின் முன்னால் இரும்புக் கைபிடியைக் கொடுத்து எஞ்சினை மெதுவாகச் சுற்றினார்.

"கையில நல்ல இறுக்கம் இருக்கு, எஞ்சின் தேயேல்ல. பிறகேன் இந்தப் புகை?" என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டார்.

அந்தக் கைபிடியை இன்னொருவர் சுற்றுவதை என்னால் பார்க்க முடியவில்லை.

தொண்ணூறுகளில், சண்டைக் காலத்தில், நாங்கள் மடுப் பக்கம் இடம்பெயர்ந்திருந்தோம். பெற்றோலைக் கண்ணால் காணக் கிடையாது. மண்ணெண்ணெயில்தான் கார் ஓடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் இலேசில் பிடிக்காது. சென்ற் போத்தலில் ஒளித்துவைத்த பெற்றோலைப் பெற்றிசியா கார்பரேற்றருக்குள் சொட்டுச் சொட்டாக விடுவாள். நான் முன்னால் நின்று சுற்றுவேன். எஞ்சின் பிடித்ததும் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நான் இன்னும் பத்து வருசம் மண்ணெண்ணெயில் ஓடியிருப்பேன்.

பிள்ளைப்பேறு, பாம்புக்கடி, காய்ச்சல் எல்லாம் அந்தக் காரில்தான் போயின. பூசைக்குப் போனால் அவள் சேலையில் மண்ணெண்ணெய் மணக்கும். பக்கத்தில் முழந்தாளில் நிற்பவர்கள் மெல்ல அரக்கி நிற்பார்கள்.

மண்ணெண்ணெய் பிளக்குகளைக் கரியாக்கிவிடும். பின்னேரங்களில் போனற்றைத் திறந்துவைத்து இருவரும் குனிந்து நின்று கழற்றித் துடைப்போம். முன்னிரண்டும் என் பங்கு. பின்னிரண்டும் அவள் பங்கு.

ஹுசைன் நாலு பிளக்கையும் கழற்றி முன்சில்லு மட்காட்டின் மேல் வரிசையாக வைத்தார். குனிந்து பார்த்தார்.

"முதலாவதும் நாலாவதும் எண்ணெயில குளிச்சிருக்கு, அண்ணை."

நாலாவதா?

நாலாவதில் நான் கையே வைக்கவில்லை.

பொய் வருத்தம் காட்டப் போய் மெய் வருத்தம் அகப்பட்டுவிட்டது. அத்தனை வருசம் மண்ணெண்ணெய் பருக்கிய எஞ்சின். உள்ளே அரித்துத் தின்றுதானே இருக்கும். பருக்கியவர்களும் நாங்கள்தான். விற்காமல் வைத்திருந்தாலும் இனி எவ்வளவு காலத்துக்கு? மாதாவே, ஒரு விளையாட்டுக்குத்தானே விட்டேன் என்று மனம் கிடந்து அடித்தது.

"நாலாவது உண்மையாவே போயிட்டுதோ, தம்பி?"

ஹுசைன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிளக்கின் எண்ணெய் பட்ட விரலை மூக்கடியில் கொண்டுபோனார். பிறகு தேத்தண்ணியோடு வாசலில் நின்ற பெற்றிசியாவைப் பார்த்தார். கையைச் சீலைத் துண்டில் ஆறுதலாகத் துடைத்தார்.

"ரெண்டும் போயிட்டுது. இதை நான் எடுக்கேலாது. நீங்களும் அக்காவுமே வச்சிருங்கோ."

விலைகூடக் கேட்கவில்லை. தேத்தண்ணியைக் குடித்து, சிரித்தபடி மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மனுசன் ஏன் சிரிக்கிறார் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

நான் நாலாவது பிளக்கைக் கையில் எடுத்தேன். கண்ணுக்கு ஒன்றும் தெளிவில்லை. மூக்கருகில் கொண்டுபோனேன்.

எஞ்சின் ஒயில் மணக்கவில்லை. தேங்காயெண்ணெயும் மணக்கவில்லை.

நல்லெண்ணெய்.

காலையில், நான் எண்ணெய்ப் போத்தலைத் தேட முன்னம், பாண் வாங்கக் கடைக்குப் போயிருந்தேன்.

நிமிர்ந்து பார்த்தேன். பெற்றிசியா பக்கத்தில் வந்து நின்று, றோட்டில் போகிற கழுதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கையை நீட்டினாள். நகத்தடியில் கரி இருந்தது.

"தாங்கோ இஞ்ச. என்ர பங்கை நான் துடைக்கிறன்."