ஹவுன்ஸ்லோவில் ஒரு பதுங்குகுழி

"இதா பதுங்குகுழி? இதுல எந்தச் சிப்பாய் நின்னு சுடுவான்?"

குழியின் விளிம்பில் நின்று கேட்டார் கோபாலகிருஷ்ணன். ஐந்து நாள் வங்கி, சனி ஞாயிறு போர் என்று வாழ்கிறவர். நூற்றிருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய தென்னாப்பிரிக்கப் போரை நடித்துக் காட்ட, லண்டன் விமான நிலையத்துக்குப் பக்கத்து ஹவுன்ஸ்லோவில் ஒரு குழுவும் மைதானமும் வைத்திருக்கிறார். மதியம் காட்சி. பிரிட்டிஷ் சிப்பாய் வேஷம் கட்டியவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

குழிக்குள் நித்தியானந்தன். யாழ்ப்பாணத்துக்காரர், வயது அறுபத்திரண்டு. ஐந்து மாதமாக வேலை இல்லை. இன்றைக்கு இதைச் சரியாக வெட்டிக் கொடுத்தால் மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவருக்குத்தான் என்று பேச்சு.

விடியலிலிருந்தே பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் லண்டனே இல்லை. மேலே விமானங்கள் இறங்கும் சத்தம் மட்டும், கண்ணுக்குத் தெரியாமல், ஒன்றன் பின் ஒன்றாக. அந்தச் சத்தத்துக்குள் அவர் தூக்கத்தில் நடப்பவர்போல வெட்டிக்கொண்டே போயிருந்தார். எந்த ஊர், எந்த வருடம் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்தது.

"படத்தைக் கையில கொடுத்தேனே. சுடுறதுக்கு ஏறி நிக்கிற மேடை எங்க?"

"மறந்துபோனன், சேர்."

"கேட்காததெல்லாம் இருக்கு. இந்தக் கடைசியில எதுக்குக் குட்டிக் குட்டிப் படி?"

"வயசான ஆக்கள் இறங்க."

கோபாலகிருஷ்ணனுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. "போர்னா என்னன்னே தெரியாத ஆளைக் கூப்பிட்டது என் தப்பு."

வேறு ஆளைத் தேடிப் போனில் ஒவ்வொரு எண்ணாக அழைக்கத் தொடங்கினார்.

"ஒரு மணித்தியாலம் தாங்கோ, சேர். எல்லாத்தையும் மூடிப்போட்டு மேடை கட்டித் தாறன். பிளேன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்துது. கை தன்பாட்டில வெட்டிப்போட்டுது."

அவசர அவசரமாகப் படிகளை மூடினார். சுவரில் ஒரு டப்பா வைக்கும் அளவுக்குக் குடைந்திருந்த சின்ன மாடத்துக்கு வந்ததும் மண்வெட்டி நின்றுவிட்டது.

"அது என்ன? தோட்டா வைக்கவா?"

"மகளின்ர பால்மாப் பேணி வைக்க. அப்ப அவவுக்கு ஆறு மாசம்."

போனில் யாரோ "ஹலோ, ஹலோ" என்றார்கள். கோபாலகிருஷ்ணன் போனை அணைத்துவிட்டார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

"இந்த மாதிரி எத்தனை வெட்டியிருக்கீங்க?"

"பதினொண்டு, தம்பி. ஓடிப்போன ஊரிலையெல்லாம் ஒவ்வொண்டு. சுடுறதுக்கெண்டு ஒண்டு வெட்டுறது இண்டைக்குத்தான் முதல்."