கூர்லா நிக்கலின் ஆண்டுக் கூட்டம்

ஐம்பது நாற்காலி போட்டிருந்தார்கள். வந்தது என்னையும் சேர்த்து மூன்று பேர்.

மேடையில் கூர்லா நிக்கல் கம்பெனியின் தலைவர் நெவில். முன்வரிசையில் கிளெனிஸ் என்ற வயதான பங்குதாரர், மடியில் பாதி பின்னிய ஸ்வெட்டர். மூன்றாவது ஆள் நான், நிதிப் படிப்பு மாணவன்.

பல்கலைக்கழக நிதிச் சங்கத்தில் எந்த அணியும் என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நடைமுறை அறிவு போதாதாம். ஒரு கம்பெனியின் பங்கை வாங்கி, கூட்டத்துக்குப் போய், தலைவரைத் திணறடிக்கும்படி ஒரு கேள்வி கேட்டு வந்தால் பரிசீலிப்பார்களாம். பங்குச் சந்தையிலேயே மலிவாகக் கிடைத்தது இந்தக் கம்பெனியின் பங்கு; அதை வாங்கினேன்.

கிளெனிஸ் என் சட்டையில் பெயர்ச்சீட்டை ஒட்டிவிட்டார்.

"ஃபெர்கஸா? சாசேஜ் ரோலை எடுத்துக்கோய்யா, ஃபெர்கஸ். நெவில் வாயத் தொறந்தா அப்புறம் சோறு தண்ணி கிடையாது."

"உன் ஸ்வெட்டருக்கு முன்னாடி நான் முடிச்சிருவேன், பயப்படாத," என்றார் மேடையிலிருந்து தலைவர்.

ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்குப் படிக்க வந்து மூன்று வருடம். பெயர் சொல்லி என்னைச் சாப்பிடச் சொன்ன முதல் ஆள் கிளெனிஸ்தான். இரண்டு ரோல் தின்றேன்.

நெவில் அறிக்கை வாசித்தார். இந்த வருடமும் நிக்கல் கிடைக்கவில்லை. அந்த வரியைக் கிளெனிஸும் கூடவே சொன்னார். இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"கேள்வி ஏதாவது?" நெவில் என்னை ஆசையோடு பார்த்தார்.

எழுந்தேன். மனப்பாடமாக இருந்தது.

கம்பெனிக்குச் சுரங்கம் இல்லை. தேடுவதையும் நிறுத்தியாயிற்று. எல்லாப் பங்குகளின் சந்தை விலையையும் கூட்டினால் வருவதைவிட வங்கியில் கிடக்கும் பணம் அதிகம். கம்பெனியைக் கலைத்துவிட்டு அதைப் பங்குதாரர்களுக்கே பிரித்துக் கொடுத்தால் என்ன?

பாடப் புத்தகமே எழுந்து நின்று பேசியது போலிருந்தது.

கிளெனிஸின் ஊசிகள் நின்றன.

நெவில் தண்ணீர் குடித்தார். கிளாஸ் காலியான பிறகும் கொஞ்ச நேரம் குடித்தார்.

"நியாயம்தான். கூட்டத்துல கேட்டுட்டா பதில் சொல்லணும்ல. புது வருஷம் பொறந்ததும் கலைச்சிடலாம். அப்புறம் இந்தக் கூட்டமும் கிடையாது."

திணறடித்தாயிற்று. அணியில் இடம் உறுதி.

கிளெனிஸ் என் பக்கம் சாய்ந்தார். குரலில் கோபமே இல்லை.

"அந்தக் கணக்கு எங்களுக்கும் ரொம்ப நாளாத் தெரியும்யா. அதைக் கேக்காம இருக்கத்தான் வருஷா வருஷம் ரெண்டு பேரும் வந்துட்டிருந்தோம்."