குளத்துக்கு ஓர் அடுப்பு

அவர் பொத்தானை மறுபடியும் அழுத்தினார்.

பெட்டிக்குள் விசிறி சுற்றியது. அடுத்து டிக், டிக் என்று பொறி விழ வேண்டும். அதற்கடுத்து குப்பென்று நீல நெருப்பு.

விசிறி மட்டும் சுற்றியது. யோசித்துவிட்டு நின்றது.

நீச்சல் குளத்து ஹீட்டர் அது. கோத்தகிரியில் மகள் நடத்தும் விடுதி. அங்கே தண்ணீரைக் காய்ச்சாமல் யாரையும் குளத்தில் இறக்க முடியாது. போன மார்கழியில் ஒரு தவளை படியேறி வந்து, சமையலறை எந்தப் பக்கம் என்று அவரிடம் விசாரித்தது. காட்டிவிட்டார்.

இன்று விருந்தாளிகள் இல்லை. நாளையிலிருந்து விடுதி நிரம்பிவிடும்.

மனைவி தெய்வானைக்கு முழங்கால் வலி. தண்ணீருக்குள் நடக்கச் சொல்லி டாக்டர் சொன்னது ஆடியில். குளத்தைக் கண்டாலே பாம்பைக் கண்டதுபோல ஒதுங்கிப் போவாள். நேற்று ராத்திரி என்ன தோன்றியதோ, சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்.

"நாளைக்கு ஒருக்கா எறங்கிப் பாக்கறனுங்க மாமா. பச்சத்தண்ணியா இருந்துச்சுன்னா திரும்பீருவேன். அப்பறம் எப்பவும் கூப்புடப்படாது."

அதனால்தான் விடிந்ததும் விடியாததுமாக மங்கி குல்லாயோடு இங்கே நிற்கிறார்.

சிலிண்டரை அசைத்துப் பார்த்தார். கனமாக இருந்தது. பம்பில் குப்பை பிடிக்கும் கூடையைத் திறந்தார். சருகு, ஒரு கொண்டை ஊசி, ஒரு பல்செட்டின் மேல் பாதி. அதன் சொந்தக்காரர் கீழ்ப் பாதியால் மட்டும் சிரித்தபடி மலை இறங்கியிருக்க வேண்டும்.

கழுவி மாட்டினார். தண்ணீர் நன்றாக ஓடியது.

பொத்தான். விசிறி. யோசனை. மௌனம்.

மேட்டுப்பாளையத்தில் இருக்கும் மெக்கானிக் சாதிக்கைப் போனில் எழுப்பினார்.

"காஸ் இருக்குதுங்களா ஐயா?"

"இருக்குது. மோந்து பாத்துட்டேன்."

"மோந்தெல்லாம் பாக்காதீங்க, ஒரேயடியா போயிருவீங்க. கீழ அதுக்கு ஒரு மூக்கு இருக்குமுங்க. சின்ன ஓட்டை. அதுல காத்து போகலீன்னா பொறி உழுகாது. குளவி கூடு கட்டீருக்குதான்னு பாருங்க."

மாடு வாங்கப் போனவர் போலப் பெட்டியைச் சுற்றி வந்தார். மேலே சாமந்தி மாலை தொங்கியது. நேற்று ஆயுத பூஜை. தெய்வானை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மிக்சிக்குப் பொட்டு. டிவி ரிமோட்டுக்குப் பொட்டு. நாற்காலியில் அசந்துபோயிருந்த வாட்ச்மேனுக்கும் ஒன்று. அவர் அதை இன்னும் கழுவவில்லை.

குனிந்தார்.

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் மூக்கு இருந்தது. குளவி இல்லை.

மூக்கின் மேல் சந்தனம். நடுவில் குங்குமம். காய்ந்து, மூடி போட்டதுபோல இறுகியிருந்தது.

முகம் எதுவென்று தெரியாத இயந்திரத்துக்கு எங்கே பொட்டு வைப்பது? தேடியிருக்கிறாள். வட்டமாக, பாங்காக ஓர் இடம் கிடைத்ததும் அழுத்தி வைத்துவிட்டாள்.

அவருக்குச் சிரிப்பு வந்தது.

பிறகு நின்றுவிட்டது.

ஒரு சாண் உயரம்.

கட்டிலுக்கடியில் போன செருப்பை எடுக்கவே அவரைக் கூப்பிடுகிறவள். யாரையும் கூப்பிடாமல் இங்கே எப்படி உட்கார்ந்தாள்?

எப்படி எழுந்தாள்?

பக்கத்துக் குழாய் சொன்னது. அதில் சந்தன விரல் தடங்கள். கீழே ஒரு பிடி. கொஞ்சம் மேலே, வழுக்கி, நீண்டுபோன இன்னொரு பிடி. அதற்கும் மேலே மறுபடியும்.

கீழ்ப் பிடியின் மேல் தன் கையை வைத்துப் பார்த்தார்.

விஷயம் தெரிந்தால் தொலைந்தது. பொட்டு வைத்து ஒரு பொருள் நின்றுபோவதா? சகுனம் என்பாள். மெஷினுக்கே பிடிக்கவில்லை என்பாள். வந்த வழியே திரும்பிவிடுவாள்.

துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவித் துளையைக் குடைந்தார். உதிர்ந்த சந்தனத்தை மண்ணில் போட மனம் வரவில்லை. நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

குழாயைத் துடைக்கவில்லை.

பொத்தான்.

டிக். டிக். டிக்.

குப்.

பெட்டியின் சின்னக் கண்ணாடிக்குப் பின்னால் நீலமாக எரிந்தது. அவர் இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார்.

கும்பிட்ட கையோடு குளத்தைத் திரும்பிப் பார்த்தார். அவ்வளவு தண்ணீரும் காயப் பொழுது சாய்ந்துவிடும்.

படியில் கைத்தடிச் சத்தம்.

"ஏனுங்க, பத்திக்கிச்சுங்களா?"

நைட்டிக்கு மேல் அவருடைய பழைய சட்டை. தலையில் துண்டு. வழியெல்லாம் பயந்துகொண்டே வந்த முகம்.

ஆனால் வந்துவிட்டாள்.

சாயங்காலம் வா என்றால் தலையாட்டுவாள். வரமாட்டாள். அவருக்குத் தெரியும்.

மங்கி குல்லாயைக் கழற்றி வைத்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். மார்பளவுத் தண்ணீரில் இறங்கினார்.

உயிர் ஒருதரம் வெளியே போனது. கரையில் கொஞ்சம் உட்கார்ந்து பார்த்தது. அங்கேயும் குளிர்தான் என்று திரும்பி வந்தது.

"வா தெய்வானெ. ரசமாட்டம் இருக்குது."

இரண்டு கைகளையும் நீட்டினார். அவை தம்பாட்டுக்கு ஆடின.

அவள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதல் படியில் பாதத்தை வைத்தாள்.

பாதம் நின்றது.

தண்ணீரைப் பார்த்தாள். நீலம் பாரித்த அவர் உதட்டைப் பார்த்தாள். கைத்தடியைக் கரையில் படுக்க வைத்தாள்.

"சூடு கொஞ்சம் ஜாஸ்திங்க மாமா" என்றாள்.

அடுத்த படிக்கு இறங்கினாள்.