பூட்டு என் பெயரில்

பழைய சர்வரை நிறுத்தப்போகிறேன் என்று மூன்று வருடத்தில் ஒன்பது மெயில் போட்டேன். ஒவ்வொரு முறையும் “இன்னும் ஒரு மாசம் சார்” என்றார்கள். கம்பெனியின் புரோகிராம்கள் எல்லாம் அதில்தான் கிடந்தன. ஒருவர் ஒரு ஃபைலை எடுத்தால் அவர் பெயரில் பூட்டு விழும். அவர் திருப்பி வைக்கும்வரை வேறு யாரும் அதில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. புதிய சர்வரில் பூட்டே கிடையாது, எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்யலாம் என்று தொண்டை வறளச் சொல்லிப் பார்த்தேன். “பூட்டு இல்லாம எப்படி சார் நிம்மதியா டீ குடிக்கப் போறது?” என்றாள் புரோகிராம் எழுதும் அமலோற்பவம்.

ஒன்பதாவது மெயிலில் குறித்தபடி, திங்கட்கிழமை காலை பிளக்கைப் பிடுங்கினேன். ஃபோன் அலறும் என்று காத்திருந்தேன். மதியம்வரை ஒருவரும் கூப்பிடவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போனேன். அமலோற்பவத்தின் மேஜைக்கடியில், துப்பட்டா போர்த்திய ஒரு பழைய கம்ப்யூட்டர் உறுமிக்கொண்டிருந்தது. சுற்றிலும் ஏழெட்டுப் பேர் கைகட்டி நின்றிருந்தார்கள்.

“வெள்ளிக்கிழமை சாயங்காலமே எல்லாத்தையும் இதுல காப்பி பண்ணிட்டேன் சார். சொன்னா இதையும் பிடுங்கிடுவீங்கன்னு சொல்லலை.”

கத்த வாயெடுத்தேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள்.

“மெயின் ஃபைலை வெள்ளிக்கிழமை காலையில எடுத்தீங்க, திருப்பி வைக்கலை. உங்க பூட்டும் சேர்ந்தே காப்பி ஆயிடுச்சு. ஒருத்தர் பூட்டை இன்னொருத்தர் உடைக்க மாட்டோம்ல. காலையிலேர்ந்து நிக்கிறோம்.”

எல்லோரும் விலகினார்கள். யாரோ நாற்காலியை இழுத்துப் போட்டார்.

“உங்க பழைய பாஸ்வேர்டுதான் சார்.”