கைராசி

“மாமா, உங்க சின்ன மாப்பிள்ளை மீனுக்கு மயக்க மருந்து கொடுக்கிறார்!”

வண்ண மீன் பண்ணையின் அலுவலக அறைக்குள் மூச்சிரைக்க நுழைந்த பெரிய மாப்பிள்ளை, சகலையின் பையிலிருந்து எடுத்துவந்த பாட்டிலை மாமனாரின் மேஜைமேல் வைத்தார்.

மூன்று மாதமாக அவருக்கு வயிறு எரிகிறது. நேற்று வந்தவன்! அவன் பிடித்துப் பையில் அடைத்தால் ஒரு மீன் துள்ளுவதில்லை, செதில் உரிவதில்லை. வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் அவன் புராணம்தான். புதுப் பண்ணையின் பொறுப்பு யாருக்கு என்று மாமனார் இன்று சொல்லப்போகிறார். விடலாமா?

மாமனார் பாட்டிலை முகர்ந்தார். “கிராம்பு எண்ணெயா?”

“அதேதான்! பல்வலிக்கு எந்நேரமும் வாயில கிராம்பை அடக்கிட்டிருக்கேன், எனக்கா தெரியாது?”

ஈரக் கையோடு சின்ன மாப்பிள்ளை வந்தார்.

“ஆமா மாமா. அளவா கலந்தா மீன் பயப்படாம தூங்கிடும். நல்ல தண்ணியில விட்டா கொஞ்ச நேரத்துல எழுந்து நீந்தும். சொல்லாம செஞ்சது தப்புதான்.”

“கேட்டீங்களா மாமா? ஒரு மாசமா என் தொட்டியிலயும்தான் ஒரு மீன் சாகலை. மருந்தா போட்டேன்? எல்லாம் கைராசி! மருந்தை நம்பறவனுக்குப் பொறுப்பைக் கொடுக்காதீங்க.”

“உங்க கைராசியைப் பார்த்துட்டு, உங்களுக்குத்தான் கொடுக்கறதா இருந்தேன் மாப்பிள்ளை” என்று எழுந்த மாமனார், இருவரின் தொட்டிகளையும் பார்க்கக் கொட்டகைக்குக் கிளம்பினார்.

பெரிய மாப்பிள்ளைக்குக் கால் தரையில் பாவவில்லை.

சின்ன மாப்பிள்ளையின் தொட்டியை முகர்ந்துவிட்டு, மாமனார் அடுத்த தொட்டியில் குனிந்தார். நிமிர நேரமாயிற்று.

“பெரிய மாப்பிள்ளை, உங்க தொட்டியிலயும் கிராம்பு வாசனை வருதே?”

“அது என் வாயிலேருந்து வர்ற வாசனை மாமா. தினமும்தான் வருது.”

“நீங்க கொட்டகை வாசல்லயே நிக்கிறீங்க.”

பெரிய மாப்பிள்ளை வாயிலிருந்த கிராம்பை மெல்வதையே மறந்தார்.

சின்ன மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார்.

“போன மாசம் பிடிக்கும்போது மீன் செத்துப்போச்சுன்னு எல்லார் முன்னாடியும் அண்ணனைத் திட்டினீங்களே மாமா, அன்னியிலேருந்து தினமும் அவர் மீன் பிடிக்கறதுக்கு முன்னாடி, முதல்ல அவர் தொட்டியில மருந்தைக் கலந்துட்டுத்தான் என் தொட்டிக்குப் போறேன்.”